டைனமோ வண்டியில் பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோரிஸ் மைனர், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அறுபதுகளின் அம்பாசிடர் போன்ற வண்டிகளை இன்றும் ஓட்டுபவர்களுக்காக எழுதியது இது. இவற்றில் எஞ்சினின் பெல்ட்டால் சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் 12 வோல்ட் டைனமோ, லூகாஸ் கம்பெனியுடையது, இருக்கும், பெரும்பாலும் சி39 அல்லது சி40. அதோடு சேர்ந்து, டைனமோ தரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும், நம் மெக்கானிக்குகள் பொதுவாக ‘கட்அவுட்’ என்று சொல்லும் ரெகுலேட்டர் பெட்டியும் இருக்கும். பழைய வண்டிகளில் இரண்டு காயில் கொண்ட ஆர்பி106, பிந்தியவற்றில் மூன்று காயில் கொண்ட ஆர்பி340. அமெரிக்க வண்டிகளுக்கும் மூன்று பிரஷ் டைனமோவுக்கும் கணக்கு வேறு. அவற்றைக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஓவர்சார்ஜ் ஆகிறது என்று எப்படி உறுதிசெய்வது?

முதலில் பேட்டரியைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஆறு செல்லிலும் ஒரே அளவில், வழக்கத்தைவிட வேகமாக வற்றினால் அது ஓவர்சார்ஜின் நேரடி அடையாளம். ஒரே ஒரு செல்லில் மட்டும் வற்றினால் சந்தேகம் அந்தச் செல் மேல்தான், ரெகுலேட்டர் மேல் அல்ல. பேட்டரியின் மேல்பக்கம் எப்போதும் ஈரமாக இருப்பது, தட்டும் கிளாம்பும் ஆசிட்டில் அரித்துப்போவது, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு போனட்டைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வருவது எல்லாம் அதே கதையைத்தான் சொல்கின்றன. ரேஸ் கொடுத்தால் ஹெட்லைட் பளீரென்று ஏறி, பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆனால் இன்னும் தெளிவு.

ஆனால் அடையாளம் பார்த்ததோடு நிற்கக் கூடாது, அளக்க வேண்டும். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். நடுத்தர வேகத்தில் எஞ்சின் ஓடும்போது, நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 14 முதல் 14.8 வோல்ட் வரை இருந்தால் கவலை இல்லை. 15-ஐத் தாண்டி நின்றால் தேட வேண்டும். 16-ஐ நோக்கி ஏறினால் அன்றைக்கே நிறுத்திப் பாருங்கள்.

மைனரிலும் ஹெரால்டிலும் இருக்கும் சிவப்பு இக்னிஷன் விளக்கை நம்பி இருக்காதீர்கள். சார்ஜ் ஆகாதபோதுதான் அது எரியும். ஓவர்சார்ஜ் ஆகும்போது அது சமர்த்தாக அணைந்தே இருக்கும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சிறிய வோல்ட்மீட்டரை மாட்டிக்கொள்வது நல்லது. இருபது வோல்ட் வரை அளவு உள்ள பழைய முள் மீட்டரே போதும்.

மல்டிமீட்டரில் எண் நிற்காமல் ஓடுகிறது. எதை நம்புவது?

மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் டைனமோவுக்கு ஒத்துவருவதில்லை. டைனமோவுக்குள் சுற்றும் செம்புத் துண்டு வளையமான கம்யூட்டேட்டரிலிருந்து வரும் சிறு பொறிகளும், ஒரு நொடியில் பலமுறை திறந்து மூடும் ரெகுலேட்டர் பாயிண்டும் (மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் விடும் தொடுமுனை) அதைக் குழப்பிவிடும். முள் மீட்டர் அந்த நடுக்கத்தைச் சராசரியாக்கி ஒரே இடத்தில் நிற்கும். அளப்பதற்கு முன், புதிய கார் ஒன்றின் பேட்டரியில் வைத்து உங்கள் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும் முழுச் சார்ஜ் பேட்டரி 12.6-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் அம்மீட்டர் 15 ஆம்பியர் காட்டுகிறது. இது ஓவர்சார்ஜா?

இல்லை. ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரத்தை டைனமோ திருப்பி ஊட்டுகிறது. இருபது முப்பது நிமிட ஓட்டத்தில் முள் படிப்படியாக இறங்கி, 2, 3 ஆம்பியரில் வந்து நின்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் அதே 15-இல் நின்றால்தான் கோளாறு. அப்போதும் இரண்டில் ஒன்றுதான்: ஒன்று ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, இல்லையென்றால் பேட்டரிக்குள் ஒரு செல் ஷார்ட் ஆகி எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கிறது. வோல்ட்மீட்டர் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆம்பியர் அதிகம், வோல்ட்டும் 15-க்கு மேல் என்றால் ரெகுலேட்டர். ஆம்பியர் அதிகம், வோல்ட் 13-ஐக்கூடத் தொடாமல் இருந்தால் பேட்டரி.

“டைனமோவை மாற்றிவிடலாம்” என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

ஓவர்சார்ஜுக்காக டைனமோவை மாற்றுவது அநேகமாக வீண்செலவு. எவ்வளவு வோல்ட் வர வேண்டும் என்று டைனமோ முடிவு செய்வதில்லை, அதை முடிவு செய்வது பெட்டிதான்.

டைனமோவில் இரண்டு முனைகள். பெரியது டி, அதில்தான் மின்சாரம் வெளியே வருகிறது. சிறியது எஃப், அது டைனமோவுக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்குப் போகிறது. லூகாஸ் அமைப்பில் ஃபீல்டு காயிலின் மறுமுனை டைனமோவுக்குள்ளேயே எர்த் ஆகியிருக்கும், அதாவது வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் ரெகுலேட்டர் பாயிண்ட் மூடியிருக்கும்போது டி-யும் எஃப்-உம் நேராகச் சேர்கின்றன, ஃபீல்டுக்கு முழு மின்சாரமும் கிடைக்கிறது, வோல்ட் ஏறுகிறது. ஏறிய வோல்ட் ரெகுலேட்டர் காயிலுக்கு வலு கொடுக்கிறது. அது மேலே உள்ள இரும்புத் தகட்டை இழுத்துப் பாயிண்டைத் திறக்கிறது. திறந்ததும் ஃபீல்டு மின்சாரம் சுமார் 60 ஓம் ரெசிஸ்டன்ஸ் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாகிறது. வோல்ட் இறங்குகிறது, பாயிண்ட் மறுபடி மூடுகிறது. இந்தத் திறந்து மூடும் துடிப்புதான் கட்டுப்பாடு.

ஆகவே ஓவர்சார்ஜ் என்றால், அந்தப் பாயிண்ட் உரிய வோல்ட்டில் திறக்கவில்லை, அல்லது திறந்தும் பயனில்லாதபடி வேறு வழியில் டி-யும் எஃப்-உம் சேர்ந்துவிட்டன. இந்த இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை. தேடுவது முழுவதும் இதை வைத்துத்தான்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

எர்த். எந்த ஸ்க்ரூவையும் திருப்புவதற்கு முன், பெட்டியின் ஈ என்ற முனையிலிருந்து பாடிக்குப் போகும் கறுப்பு ஒயரைப் பாருங்கள். ஓவர்சார்ஜ் என்று வரும் வண்டிகளில் இதைப் பார்க்காமலே பெட்டியை மாற்றிவிடுகிறார்கள், புதுப் பெட்டியும் அதே கோளாறைக் காட்டுகிறது, பிறகு டைனமோவைக் கழற்றுகிறார்கள். பணமும் போகிறது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய பாகங்களும் கைவிட்டுப் போகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

எர்த் ஏன் இவ்வளவு முக்கியம்? ரெகுலேட்டர் காயில் தன் வோல்ட்டை டி-க்கும் ஈ-க்கும் நடுவில்தான் உணர்கிறது. ஈ முனையில் துருவோ பெயின்டோ புகுந்தால், காயிலுக்குப் போக வேண்டிய வோல்ட்டில் ஒரு பங்கு அங்கேயே விழுந்துவிடும். டைனமோ 16 கொடுத்துக்கொண்டிருக்கும்போது காயில் 14-தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும், பாயிண்டைத் திறக்காது. எர்த் முழுவதுமாக அறுந்துவிட்டால் காயில் செத்ததுக்குச் சமம். டைனமோ முழு வீச்சில் ஊட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஹெரால்டில் இதுதான் நடந்தது. முழு வண்டிக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்து வந்ததிலிருந்து பேட்டரி கொதிக்க ஆரம்பித்தது. கட்அவுட் பெட்டி, பேட்டரி இரண்டும் புதிது. ஆனால் ஈ ஒயரின் வளையத்துக்குக் கீழே, அந்த ஸ்க்ரூ உட்காரும் இடத்தில், கண்ணாடி போல மினுமினுக்கும் புதுப் பெயின்ட். ஸ்க்ரூவின் மரைகள் மட்டும் எங்கோ உரசி ஏதோ கொஞ்சம் எர்த் கொடுத்துக்கொண்டிருந்தன. உப்புத்தாளால் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, வளையத்தையும் பளபளப்பாக்கி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கியதும் முள் 14.4-இல் வந்து உட்கார்ந்தது.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் ஈ-யிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். கால் வோல்ட், அரை வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான். சந்தேகம் தீர வேண்டுமென்றால் தடிமனான ஒயர் ஒன்றை ஈ-யிலிருந்து நேராகப் பேட்டரியின் எர்த்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்துப் பாருங்கள். வோல்ட் உடனே இறங்கினால் வேறு எதையும் தொடத் தேவையில்லை.

எர்த் நன்றாக இருக்கிறது. அடுத்து?

டி-யும் எஃப்-உம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பெட்டியிலிருந்து எஃப் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்சம் ரேஸ் கொடுத்தாலும் டைனமோ சார்ஜ் செய்யக் கூடாது, சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அப்படி நடந்தால் ஒயரிங்கும் டைனமோவும் நிரபராதிகள், குற்றம் பெட்டிக்குள்.

எஃப் ஒயரைக் கழற்றிய பிறகும் சார்ஜ் ஆனால், டைனமோ பக்கத்திலும் எஃப் ஒயரைக் கழற்றுங்கள். இப்போது சார்ஜ் நின்றால், பழைய துணி சுற்றிய ஒயரிங்கில் எங்கோ இரண்டு ஒயரும் உருகி ஒட்டியிருக்கின்றன. பெரும்பாலும் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு அருகில், அல்லது கிளிப் நசுக்கிய இடத்தில். அப்போதும் நிற்கவில்லை என்றால்தான் டைனமோவுக்குள்ளே ஷார்ட். அதற்கு மட்டும் டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங் தெரிந்த கடைக்குக் கொண்டுபோகலாம்.

பெட்டியைத் திறந்தால் எதைப் பார்ப்பது?

ஆர்பி106-இன் மூடியைக் கழற்றினால் இரண்டு காயில்கள் தெரியும். எஞ்சின் நின்றிருக்கும்போது எதன் பாயிண்ட் மூடியிருக்கிறதோ அது ரெகுலேட்டர். எதன் பாயிண்ட் திறந்திருக்கிறதோ அது கட்அவுட், அதாவது எஞ்சின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பி ஓடாமல் தடுப்பது. கட்அவுட் பாயிண்டுக்கும் ஓவர்சார்ஜுக்கும் சம்பந்தமில்லை. அது ஒட்டிக்கொண்டால் வேறு விதமான சேதம்: நின்ற வண்டியில் பேட்டரி இறங்கும், டைனமோ சுடும்.

எஞ்சினை மெதுவான ரேஸில் ஓடவிட்டு, ஓர் ஐஸ்குச்சியாலோ மரக்குச்சியாலோ ரெகுலேட்டரின் தகட்டைக் காயில் பக்கமாக மெல்ல அழுத்துங்கள். உலோகம் எதையும் உள்ளே விடாதீர்கள். அழுத்தியதும் பாயிண்ட் திறந்து, வோல்ட் சட்டென்று விழ வேண்டும். விழுந்தால் பாயிண்டும் ரெசிஸ்டன்ஸும் நன்றாக இருக்கின்றன. தகட்டை இழுக்கக் காயிலுக்கு வலு போதவில்லை, அல்லது ஸ்பிரிங் மிக இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். அப்போது காயில் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருக்கவில்லை என்றால் அது செட்டிங் சம்பந்தப்பட்டது.

தகடு அசையவே இல்லை, அல்லது பாயிண்டைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது என்றால் பாயிண்ட் உருகி ஒட்டியிருக்கிறது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரித்து, தேய்த்து, மூடி போட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி ஒட்டும். ஏன் ஒட்டியது என்று கேட்க வேண்டும். டைனமோவின் எஃப் முனைக்கும் பாடிக்கும் நடுவில் ஓம் அளந்து பாருங்கள். சி40-இல் சுமார் 6 ஓம் இருக்க வேண்டும். அப்படியானால் 12 வோல்ட்டில் ஃபீல்டு எடுப்பது 2 ஆம்பியர், அதைப் பாயிண்ட் தாங்கும். ஃபீல்டு காயிலின் உள்சுற்றுகள் ஷார்ட் ஆகி 3 ஓம், 2 ஓம் என்று இறங்கியிருந்தால் மின்சாரம் இரண்டு மூன்று மடங்கு ஆகிப் பாயிண்ட் கருகும். பெட்டியின் பின்பக்கம் உள்ள ரெசிஸ்டன்ஸ் அறுந்திருந்தாலும் பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் பெரிய பொறி தெறித்து இதே சேதம் வரும்.

சுத்தம் செய்யும்போது இரண்டு பாயிண்டுகளுக்கும் ஒரே தாளைப் போடாதீர்கள். ரெகுலேட்டர் பாயிண்டுக்கு நைஸான கார்போரண்டம் கல் அல்லது சிலிக்கான் கார்பைடு தாள். கட்அவுட் பாயிண்ட் மென்மையானது, அதற்கு நைஸான கண்ணாடித்தாள் மட்டும், எமரி கூடவே கூடாது. பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துத் தூசியே இல்லாமல் செய்யுங்கள். இதற்கெல்லாம் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மேனுவலில் 16 வோல்ட்டுக்கு மேல் செட் செய்யச் சொல்கிறார்கள். அதுவே ஓவர்சார்ஜ் இல்லையா?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஆர்பி106-க்குச் சொல்லப்படும் 16.0 முதல் 16.6 வோல்ட் என்பது, 20 டிகிரி சூட்டில், பேட்டரியையும் மற்ற எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து பிரித்துவிட்டு, டைனமோ வெறுமனே சுற்றும்போது டி-க்கும் ஈ-க்கும் நடுவில் இருக்க வேண்டிய அளவு. பேட்டரி சேர்ந்ததும் மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். அது ரெகுலேட்டர் காயிலின் மேல் சுற்றியிருக்கும் தடித்த சுற்றுகள் வழியாகவும் போகிறது. போகப் போகக் காயிலின் இழுப்பு கூடி வோல்ட் தானாக இறங்கும். அதனால்தான் பேட்டரியில் அளந்தால் 14-ஐ ஒட்டி வருகிறது. பேட்டரியில் நேராக 16 காட்டினால் அது கோளாறு, பிரித்துவிட்டு அளந்து 16 காட்டினால் அது சரியான செட்டிங். ஆர்பி340-இல் வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் தனித்தனிக் காயில்கள் இருப்பதால் பிரித்து அளக்கும் அளவு குறைவு, 14.5-க்கும் 15.5-க்கும் நடுவில்.

செட்டிங்கை நானே மாற்றலாமா?

எர்த், ஒயரிங், பாயிண்ட் மூன்றும் சரி என்று தெரிந்த பிறகு மாற்றலாம். அதற்கு முன் ஸ்க்ரூவைத் தொட்டால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைப்பதாகிவிடும்.

ஆர்பி106-இல் ஏ, ஏ1 முனைகளில் உள்ள ஒயர்களைக் கழற்றி, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து டேப் சுற்றுங்கள். இக்னிஷனுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போக வேண்டும் அல்லவா, அதற்காக. மீட்டரை டி-க்கும் ஈ-க்கும் நடுவில் மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக வேகம் கூட்டுங்கள். முள் ஏறி, ஒரு துடிப்புத் துடித்து, ஓரிடத்தில் நிற்கும். அந்த இடம்தான் செட்டிங். முள் நிற்காமல் ஆடினால் பாயிண்ட் அழுக்கு, மறுபடி சுத்தம் செய்யுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை இடப்பக்கமாக ஒரு நூலளவு திருப்புங்கள். வலப்பக்கம் திருப்பினால் வோல்ட் ஏறும். மறுபடி இறுக்கி, மறுபடி அளவு.

ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஓடும் நேரம் அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பேட்டரி இல்லாமல் அந்த உயர்ந்த வோல்ட்டில் காயில் சுட்டுவிடும். சுட்ட காயிலின் ரெசிஸ்டன்ஸ் கூடும். அந்த நிலையில் எடுத்த அளவு பொய் அளவு. கூடுதலாக ரேஸ் கொடுக்கவும் வேண்டாம். ஆர்பி340-இல் ஸ்க்ரூவுக்குப் பதில் பல் வைத்த சிறு கேம் இருக்கும். அதைத் திருப்பத் தனிக் கருவி உண்டு. அது இல்லாமல் இடுக்கியால் நெம்பியவர்கள் பல்லை உடைத்துவிடுகிறார்கள்.

நம் ஊர் வெயிலுக்கு அதே அளவு பொருந்துமா?

பொருந்தாது, அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரி சூடாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே கொதிக்க ஆரம்பிக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைத்துக்கொள்ள வேண்டும். 25 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவில் கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. லூகாஸ் பெட்டியின் ஸ்பிரிங்கில் இதற்காகவே சூட்டுக்கு வளையும் இரட்டை உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். சூடு ஏற ஏற செட்டிங்கைத் தானே இறக்கும் அருமையான ஏற்பாடு அது. ஆனாலும் ஏப்ரல், மே வெயிலில், எஞ்சினுக்குப் பக்கத்தில் பேட்டரி உள்ள வண்டிகளில், சொல்லப்பட்ட அளவின் கீழ் எல்லையை ஒட்டியே வைப்பது நல்லது. நான் அப்படித்தான் வைக்கிறேன்.

ஆசிட்டின் அடர்த்தியிலும் இதே கவனம் வேண்டும். குளிர்நாட்டு மேனுவல் முழுச் சார்ஜுக்கு 1.270 முதல் 1.290 என்று சொல்லும். வெப்ப நாடுகளுக்கு லூகாஸே 1.210 முதல் 1.230 என்று தனியாகக் குறித்திருக்கிறது. ஹைட்ரோமீட்டரில் 1.23 வந்ததைப் பார்த்து “சார்ஜ் போதவில்லை” என்று ரெகுலேட்டரை ஏற்றிவிட்டால், ஓவர்சார்ஜை நாமே வரவழைத்ததாகிவிடும். உங்கள் பேட்டரிக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவை முதலில் பாருங்கள்.

மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி போடலாமா?

தண்ணீர் ஊற்ற மூடி உள்ள சாதாரண பேட்டரியே இந்த வண்டிகளுக்குச் சரி. மூடி இல்லாத பேட்டரியில் ஓவர்சார்ஜால் வற்றிய தண்ணீரைத் திருப்பி ஊற்ற வழியில்லை, வற்றுவது கண்ணுக்கும் தெரியாது. ஜெல் பேட்டரி அறவே வேண்டாம், துடிப்போடு வரும் டைனமோ வோல்ட்டை அது தாங்காது.

நடுவழியில் ஓவர்சார்ஜ் ஆரம்பித்துவிட்டது. வீடு வந்து சேர வழி?

எஞ்சினை நிறுத்தி, பெட்டியில் எஃப் ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். டைனமோ சார்ஜ் செய்யாது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வரும், வரட்டும். இக்னிஷன் காயில் எடுப்பது 3, 4 ஆம்பியர்தான். நல்ல நிலையில் உள்ள பேட்டரி பகல் ஓட்டத்துக்குச் சில மணி நேரம் தாங்கும். ஹெட்லைட்டைப் போடாதீர்கள், வைப்பரைக் குறையுங்கள், அநாவசியமாக எஞ்சினை நிறுத்தி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கட்டுப்பாடு இழந்த டைனமோவில் அப்படிச் செய்தால் வோல்ட் தாவி ஏறும், எரிகிற பல்புகள் எல்லாம் போகும். கொதிக்கும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருக்கும். கிளாம்பைக் கழற்றும்போது வரும் ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்க. கொதித்த பேட்டரியை ஆறவிட்டு, கண்ணாடி அணிந்து, பிறகு தொடுங்கள்.

எஃப் ஒயரில் ஒரு ரெசிஸ்டன்ஸ் சேர்த்தால் வோல்ட் குறையும் என்கிறார்களே?

குறையும், எல்லா வேகத்திலும் குறையும். ஊருக்குள் ஓட்டும்போது பேட்டரி பட்டினி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் மறுபடி ஓவர்சார்ஜ். அது கட்டுப்பாடு ஆகாது.

பழைய பெட்டிக்குப் பதில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடலாமா?

காயில் அறுந்த பெட்டிக்கு அது கௌரவமான மாற்று. பழைய மூடிக்குள்ளேயே அடங்கும் வகைகள் கிடைக்கின்றன, பார்வைக்கு எதுவும் மாறாது. வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: உங்கள் டைனமோவின் ஆம்பியர் அளவுக்கு ஏற்றதா, மின்சாரத்துக்கும் வரம்பு வைக்கிறதா, பாசிடிவ் எர்த்துக்கா நெகடிவ் எர்த்துக்கா (பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்பது). சி39 சுமார் 19 ஆம்பியர், சி40-1 22 ஆம்பியர் தரும். அதற்கு மேல் இழுத்தால் டைனமோவுக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சர் சுட்டு, கம்யூட்டேட்டரில் உள்ள ஈயப்பற்று உருகித் தெறிக்கும். டைனமோவின் உள்சுவரில் வட்டமாக வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது என்றோ நடந்திருக்கிறது.

புதிதாக வரும் நகல் பெட்டிகள் ஓரளவுதான். எதை வாங்கினாலும், மாட்டிய அன்றே அளந்துவிடுங்கள். பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவுடன் செட்டிங் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரேயடியாக ஆல்டர்னேட்டருக்கு மாறிவிட்டால் என்ன?

தினமும் இரவில் ஓட்டுகிறீர்கள், ஏசி, பெரிய விளக்குகள் எல்லாம் வேண்டும் என்றால் மாறலாம். ஓவர்சார்ஜுக்குத் தீர்வாக மாறுவதை நான் ஆதரிக்கவில்லை. அறுபது ஆண்டு ஓடிய டைனமோவும் பெட்டியும் பழுதுபார்க்கக் கூடியவை. நம் ஊரிலேயே, 1961-இல் தொடங்கிய, சென்னையின் பாடி பகுதியில் உள்ள லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் வழியாக, இதே குடும்பத்து டைனமோக்களும் பாகங்களும் பல்லாண்டு புழக்கத்தில் இருந்தன. பிரஷ், புஷ், ஆர்மேச்சர் வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில எலக்ட்ரிக்கல் கடைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை கொடுத்தால்தான் அந்த வேலை பிழைக்கும். மாறியே தீருவதென்றால் டைனமோ, பெட்டி, பிராக்கெட், ஒயர் எல்லாவற்றையும் தூக்கிப்போடாமல் பத்திரமாக வையுங்கள்.

பாசிடிவ் எர்த் வண்டியில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். இதனால் ஓவர்சார்ஜ் ஆகுமா?

இதனால் ஓவர்சார்ஜ் ஆகாது. காயில் வைத்த பழைய ரெகுலேட்டர் எந்தப் பக்கமானாலும் வேலை செய்யும். ஆனால் டைனமோவுக்குப் புதிய திசையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள், சிறு பொறி வரும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் ஓட்டினால் கட்அவுட் பாயிண்ட் கருகும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருந்தால் தலைகீழ் பேட்டரி அதை ஒரு கணத்தில் கொன்றுவிடும்.

செவர்லே, டாட்ஜ், பிளிமத் போன்ற அமெரிக்க வண்டிகளுக்கும் இதே சோதனையா?

இங்கே கவனம். அவற்றின் டெல்கோ-ரெமி, ஆட்டோ-லைட் டைனமோக்கள் பலவற்றில் ஃபீல்டின் ஒரு முனை உள்ளே டைனமோவின் மின்சார முனையோடு சேர்ந்திருக்கும். மறுமுனையான எஃப்-ஐ ரெகுலேட்டர் எர்த் செய்து கட்டுப்படுத்தும். ஆகவே எஃப் ஒயர் எங்கோ உரசிப் பாடியில் பட்டால் முழு ஓவர்சார்ஜ். லூகாஸிலோ அதே எஃப் ஒயர் பாடியில் பட்டால் சார்ஜே ஆகாது. வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் சோதனையில் இறங்க வேண்டாம்.

மூன்று பிரஷ் டைனமோ?

1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ போன்ற வண்டிகளில் வோல்ட் ரெகுலேட்டரே கிடையாது, கட்அவுட் மட்டும்தான். எவ்வளவு ஆம்பியர் வர வேண்டும் என்பதை மூன்றாவது பிரஷ் (கம்யூட்டேட்டரில் உரசி நிற்கும் கரித்துண்டு) நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று அதற்குத் தெரியாது, அதே அளவை ஊட்டிக்கொண்டே இருக்கும். பகலில் நெடுந்தூரம் ஓட்டினால் கொதிக்கத்தான் செய்யும். ஆர்மேச்சர் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாக மூன்றாவது பிரஷை நகர்த்தினால் ஆம்பியர் குறையும். இரவு ஓட்டம் இல்லாதவர்கள் குறைத்தே வைக்கலாம். நீண்ட பகல் பயணத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டும் பழைய டிரைவர்களின் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். இந்த வண்டிகளில் பேட்டரி ஒயர் தளர்ந்தால் வோல்ட் கட்டுக்கடங்காமல் ஏறும், கிளாம்பை எப்போதும் இறுக்கமாக வையுங்கள்.

சரி செய்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறு செல்லிலும் தண்ணீரை ஒரே அளவுக்கு நிரப்பி, மட்டத்தைக் குறித்துவைத்து, வழக்கம்போல ஓட்டி, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். ஆறிலும் கொஞ்சமாக, சமமாக இறங்கியிருந்தால் போதும். பேட்டரித் தட்டைச் சோடா உப்புக் கரைசலால் கழுவி, காயவைத்து, பெயின்ட் அடித்துவிடுங்கள். ஊறிய ஆசிட் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். டைனமோவின் பின்பக்கப் புஷ்ஷில் வருடத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள், அதற்கு மேல் விட்டால் கம்யூட்டேட்டருக்குப் போய்விடும். ஃபேன் பெல்ட்டை அதன் நீளமான பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும். அடுத்த முறை பாடி வேலைக்கோ பெயின்டுக்கோ வண்டியை விடும்போது, ஈ ஒயர் ஸ்க்ரூவின் அடியில் பெயின்ட் விழாமல் டேப் ஒட்டச் சொல்லிவிடுங்கள்.